ஆவியில் வெந்த கொடுவா

நீங்கள் நம்ப வேண்டும் என்று நான் கெஞ்சப் போவதில்லை. நடந்தது நடந்ததுதான். அன்றைக்கு அந்த மேசையில் ஆறு பேர் உட்கார்ந்திருந்தோம். ஆறு பேரும் இன்னும் இருக்கிறோம். யாரிடம் வேண்டுமானாலும் போய்க் கேளுங்கள். "அப்படி எதுவும் நடக்கலே" என்று ஒருவர்கூடச் சொல்ல மாட்டார். சிலர் எழுந்து உள்ளே போய்விடுவார்கள். அவ்வளவுதான்.

நேரமெல்லாம் எனக்கு நிமிடக் கணக்கில் தெரியும். நேரம் பார்த்து எழுதுவதுதான் என் வேலை. என் பெயர் சந்தியா. பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு மீனவர் குப்பம். ஊர்ப் பெயர் வேண்டாம். ஊர்ச் சங்கத்தில் நான் எழுத்தர். கூட்டம் எத்தனை மணிக்குத் தொடங்கியது, யார் வந்தார்கள், யார் என்ன பேசினார்கள் என்று ஒரு நீள நோட்டில் எழுதுவேன். அன்றைக்கும் அந்த நோட்டு என் மடியில் இருந்தது. இப்போதும் என்னிடம்தான் இருக்கிறது.

முதலில் வெண்ணிலாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

ஏரியின் மேற்குக் கரையில் கையால் எறா பிடிக்கும் குடும்பங்கள் அறுபது இருக்கும். வலை கிடையாது, போட்டு கிடையாது. ஓடைத் தண்ணீரில் குந்திக்கொண்டு, தலை மட்டும் வெளியே தெரிய, இரண்டு கையாலும் சேற்றைத் தடவித் தடவி எறாவையும் நண்டையும் பிடிப்பார்கள். பிடித்ததைப் போட ஓலையில் முடைந்த பை ஒன்று உண்டு. அதற்குப் பறி என்று பெயர். கை இரண்டும் சேற்றில் இருப்பதால் பறியைப் பல்லில் கடித்துக்கொள்வார்கள். வெண்ணிலாவும் அப்படிப் பிடிக்கிறவள்தான். வயது இருபத்தாறு. நாகம்மாளின் மகள், சின்னப்பனின் மனைவி.

தை மாதம் ஒரு சாயங்காலம் ஓடையில் இறங்கியவள் வீட்டுக்குத் திரும்பவில்லை. மூன்றாம் நாள் முகத்துவாரத்துப் பக்கம் ஒதுங்கினாள். முதுகில் ஒரே அளவில், ஒரே சாய்வில் மூன்று வெட்டு. போட்டு இன்ஜினின் விசிறி வெட்டியது என்றார்கள் கையால் பிடிக்கிறவர்கள். அந்தப் பக்கம் எங்கள் போட்டு எதுவும் போகவே இல்லை, வலை கட்ட நட்ட ஊணிக் கட்டை கிழித்திருக்கும் என்றார்கள் எங்கள் ஊர்க்காரர்கள். போலீஸில் சந்தேக மரணம் என்று எழுதி வைத்தார்கள். அன்றிலிருந்து எங்கள் ஊர் அந்த ஓடையை அடைத்துவிட்டது. கையால் பிடிக்கிறவர்கள் யாரும் இறங்கக் கூடாது. இறங்கினால் அடி. இரண்டு மாதமாக அறுபது வீட்டில் அடுப்பு சரியாக எரியவில்லை.

எங்கள் ஊர்த் தலைவர் கங்காதரன் எனக்கு மாமா முறை. இந்த வேலையை எனக்கு வாங்கித் தந்தவரும் அவர்தான். மார்ச் மாதம் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு ஒரு கடிதம் அடிக்கச் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல நான் அடித்தேன்.

"எங்கள் மகள் வெண்ணிலா ஓடையில் உள்ள பள்ளத்தில் கால் தவறி விழுந்து இறந்துவிட்டாள். இதில் யார் மீதும் எங்களுக்குச் சந்தேகம் இல்லை."

கீழே நாகம்மாளும் சின்னப்பனும் கைநாட்டு வைக்க வேண்டும். வைத்தால் மறுநாளே ஓடை திறக்கும். வைக்காவிட்டால் திறக்காது. அது பொய் என்று அடிக்கும்போதே எனக்குத் தெரியும். தெரிந்தேதான் அடித்தேன்.

ஊருக்குள் உட்கார்ந்தால் பேச்சு கிளம்பும் என்று மாமா ஓட்டலில் ஏற்பாடு செய்தார். காட்டூர் போகும் சாலையில் புதிதாகத் திறந்திருந்த சீன ஓட்டல். சனி, ஞாயிறு சென்னையிலிருந்து காரில் வருகிறவர்களுக்காகக் கட்டியது. வாசலில் சிவப்புக் காகித விளக்குகள், உள்ளே கண்ணாடித் தொட்டியில் உயிர் நண்டு. அந்த நண்டைக் கொடுப்பது மாமாதான். புதன்கிழமை அங்கே ஈ, காக்கா இருக்காது.

சாயங்காலம் 6.50. நாங்கள் நான்கு பேர் முதலில் போனோம். மாமா, அவர் தம்பி இளவழகன், வார்டு உறுப்பினர் கஸ்தூரியம்மாள், நான். கஸ்தூரியம்மாள் இரண்டு பக்கத்துக்கும் வேண்டியவர், பேச்சு முற்றினால் நடுவில் விழத்தான் வந்திருந்தார்.

7.04. நாகம்மாளும் சின்னப்பனும் வந்தார்கள். காட்டூர் வரை ஷேர் ஆட்டோ, அதற்கப்புறம் நடை. நாகம்மாள் செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே காலை வைத்தாள்.

அப்போதுதான் நான் தொட்டியைப் பார்த்தேன்.

தொட்டி முழுக்கப் பரவிக் கிடந்த நண்டுகள் எல்லாம் நகர ஆரம்பித்தன. கால்கள் கண்ணாடியில் உரசும் சத்தம் கேட்டது... கிரிச், கிரிச், கிரிச். வாசலுக்கு எதிர்ப்பக்க மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டன. மிச்ச இடம் எல்லாம் காலி. கதவு திறந்ததால் பயந்துவிட்டன என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் நாங்கள் நான்கு பேர் வந்தபோதும் கதவு திறந்ததுதானே...

வட்ட மேசை. நடுவில் சுற்றும் கண்ணாடித் தட்டு. அதன்மேல் பதார்த்தத்தை வைத்து, வேண்டியவர் சுற்றித் தன் பக்கம் எடுத்துக்கொள்ளலாம். மொத்தம் ஏழு நாற்காலி. என் வலப்பக்கம் கஸ்தூரியம்மாள், அவருக்கு அந்தப் பக்கம் சின்னப்பன், அடுத்து நாகம்மாள். என் இடப்பக்கம் மாமா, அவருக்கு அடுத்து இளவழகன். இளவழகனுக்கும் நாகம்மாளுக்கும் நடுவில் ஒரு நாற்காலி காலி. இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார விரும்பவில்லை. எனக்கு ஏறக்குறைய எதிரே அந்தக் காலி நாற்காலி.

யாரும் யாருக்கும் வணக்கம் சொல்லவில்லை.

7.15. சூப் வந்தது. பரிமாறியவர் பெயர் தாவா. டார்ஜிலிங் பக்கம். நாற்பது வயது இருக்கும், நல்ல மனிதர். ஆறு கிண்ணம் வைத்தார். உள்ளே போனார். திரும்பி வரும்போது கையில் ஒரு பெரிய துண்டு. அதை மடித்து அந்தக் காலி நாற்காலியின் மேல் போட்டார்.

"இன்னாத்துக்குப்பா அது?" என்றார் மாமா.

"சீட் தண்ணி சார். ரொம்ப தண்ணி."

"ஏசி ஒழுகுதா?"

தாவா மேலே பார்த்தார். நானும் பார்த்தேன். ஏசி எதிர்ச் சுவரில் இருந்தது. நாற்காலிக்கு மேலே வெறும் கூரை.

தாவா உள்ளே போய்விட்டார்.

நாகம்மாள் சூப்பைத் தொடவில்லை. அதில் மிதந்த நண்டுச் சதையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"துன்னு நாகம்மா," என்றார் மாமா. "நீங்க பிடிக்கிற சரக்குதான். இங்க வந்தா இப்டி ஆவுது."

"நாங்க இப்ப எங்க பிடிக்கிறோம், தலைவரே."

"அதுக்குத்தானே வந்து குந்தினுகிறோம். இன்னிக்கி முடிச்சிக்கோ. நாளைக்கி எறங்கு."

சின்னப்பன் தலையைக் குனிந்தே இருந்தான். அவன் ஸ்பூன் கிண்ணத்தில் பட்டுக் கிண்கிண் என்றது. மனைவியைப் புதைத்து இரண்டு மாதம். அவளைக் கொன்றவர்களோடு உட்கார்ந்து சூப் குடிக்க வேண்டும். நானும் குடித்தேன். மாமா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

7.31. ஆவியில் வெந்த கொடுவா வந்தது. முழு மீன். ஒரு முழ நீளம் இருக்கும். மேலே இஞ்சி, வெங்காயத் தாள், கறுப்பு சாஸ். கண் வெந்து வெள்ளையாகப் பிதுங்கி நின்றது. தாவா தட்டை மெதுவாகச் சுற்றி மீனின் தலையை மாமா பக்கம் நிறுத்தினார்.

"தலை பெரிய ஆளுக்கு பாக்கணும் சார். அது மரியாதை."

மாமாவுக்கு முகம் மலர்ந்தது. குனிந்து நோட்டில் 7.31 என்று எழுதினேன். நிமிர்ந்தேன்.

மீனின் தலை இளவழகனைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மாமாதான் தம்பிக்குத் திருப்பிவிட்டிருக்கிறார் என்று நினைத்தேன். இளவழகனும் அப்படித்தான் நினைத்திருப்பான். "நீ எடுண்ணே," என்று தட்டைத் திருப்பினான். தலை மாமா பக்கம் போனது. மாமா ஸ்பூனை நீட்டினார்.

கர்ர்ர்... என்று ஒரு மெல்லிய சத்தம்.

தட்டு நகர்ந்தது. அவசரமே இல்லாமல். மீனின் தலை மாமாவைத் தாண்டி, இளவழகனுக்கு நேராக வந்து நின்றது.

"யாருப்பா சுத்தறது?" என்றார் மாமா.

இளவழகன் மறுபடி திருப்பினான். இந்த முறை நன்றாகத் தள்ளி, சின்னப்பன் பக்கம்.

கர்ர்ர்ர்...

அரை வட்டம் சுற்றி வந்து அவன் முன்னால் நின்றது.

மாமா நாகம்மாளைப் பார்த்துச் சீறினார். "கைய எட்றீ. வெளாடறதுக்கா கூப்டேன் உன்ன?"

நாகம்மாள் இரண்டு கையையும் மேசைக்கு மேலே தூக்கிக் காட்டினாள். அதுவரை இரண்டும் அவள் மடியில்தான் இருந்தன. எனக்கு அது தெரியும். எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

7.40. அப்போதுதான் அந்தச் சத்தத்தைக் கவனித்தேன்.

மூச்சு. மூக்கால் மட்டும் விடுகிற மூச்சு. வாயை இறுக்கி மூடிக்கொண்டு கஷ்டப்பட்டு மூச்சு விடுவார்களே, அப்படி. இழுத்து... விட்டு... இழுத்து... விட்டு.

கஸ்தூரியம்மாளுக்கு ஆஸ்துமா உண்டு. அவர்தான் என்று திரும்பிப் பார்த்தேன். அவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சளி புடிச்சிகிதா உனக்கு?" என்று மெதுவாகக் கேட்டார்.

"இல்லே அத்தே."

அந்த மூச்சு தொடர்ந்து கேட்டது.

7.48. மாமா பொறுமை இழந்துவிட்டார். கடிதத்தை எடுக்கச் சொன்னார். நாகம்மாள் குறுக்கிட்டாள்.

"என் பொண்ணு அந்த ஓடையில அஞ்சு வயசுலேர்ந்து எறங்கறா. எங்க பள்ளம், எங்க மேடுன்னு அவளுக்குத் தெரியாதா? கால் தவறிப்பூட்டான்னு என் வாயால எப்டிச் சொல்றது?"

"ஏய், எத்தினி தபா சொல்றது..." இளவழகன் மேசையைக் குத்தினான். அவனுக்கு வியர்த்துக் கொட்டியது. அந்தக் குளிரில். "ஏன் கத்தலே அவ? போட்டு வர்ற சத்தம் காதுல வுழாமயா பூடும்? ஒரு கொரல் குட்த்திருந்தா ஓட்றவன் திருப்பிகினு போயிருக்க மாட்டான்?"

நாகம்மாள் அவனையே பார்த்தாள். "போட்டே வர்லேன்னு தானே ரெண்டு மாசமா சொல்லிகினு கீறீங்க?"

இளவழகன் அண்ணனைப் பார்த்தான்.

"ஒரு பேச்சுக்குச் சொல்றான்," என்றார் மாமா. குரல் தடித்திருந்தது. "சும்மா நோண்டாத."

"ஏன் கத்தலேன்னு கேட்டான்ல. சொல்றேன்."

நாகம்மாள் தன் முன்னால் மடித்து வைத்திருந்த வெள்ளைத் துணியை எடுத்தாள். அதன் நுனியைப் பல்லில் வைத்து இறுக்கிக் கடித்தாள். துணி அவள் நெஞ்சு மேல் தொங்கியது, பறி தொங்குகிற மாதிரி. இரண்டு கையையும் கீழே விட்டாள். அப்படியே கத்தினாள்.

"ம்ம்ம்ம்ம்...!"

கழுத்து நரம்பெல்லாம் புடைத்தது. அத்தனை கத்தியும் வெளியே வந்தது அவ்வளவுதான். அடுத்த மேசைக்குக்கூடக் கேட்டிருக்காது.

"ம்ம்ம்ம்ம்...!"

துணியைத் துப்பினாள்.

சத்தம் நிற்கவில்லை.

"ம்ம்ம்ம்ம்..."

நாகம்மாளின் வாய் திறந்திருந்தது. பல் தெரிந்தது. அதிலிருந்து எந்தச் சத்தமும் வரவில்லை.

"ம்ம்ம்ம்ம்..."

காலி நாற்காலியிலிருந்து வந்தது.

நான் நோட்டில் எழுதியிருக்கிறேன். 7.56. கோணல்மாணலாக இருக்கிறது எழுத்து.

எத்தனை நொடி என்று தெரியாது. மூச்சு தீர்ந்த மாதிரி மெல்ல இறங்கி நின்றது. மறுபடி அந்த மூக்கு மூச்சு. இழுத்து... விட்டு...

சமையல்கட்டில் கரண்டிச் சத்தம்கூட நின்றுபோயிருந்தது.

மாமா மட்டும் அசையவில்லை. பிடிவாதக்காரர். "சமையக்கட்டுல எவனோ..." என்றார். அவருக்கே அந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. "சந்தியா. லெட்டர எடு. முடிச்சிட்டுக் கெளம்பலாம்."

"மாமா, வேணாம் மாமா..."

"எட்றீ."

எடுத்தேன். கடிதத்தையும் மைப் பெட்டியையும் சுற்றும் தட்டில் மீன் பக்கத்தில் வைத்தேன். மாமா தட்டைச் சுற்றினார். அது சின்னப்பன் பக்கம் போனது.

"சின்னப்பா. வையி. அறுபது குடும்பம் உன் கையிலதான் கீது. நீ வெக்கலேன்னா நாளைக்கி எவளாவது அந்த ஓடையில எறங்கினா, நான் பொறுப்பில்லே."

சின்னப்பன் கட்டைவிரலை நீட்டினான். அழுதுகொண்டிருந்தான்.

தட்டு அவன் முன்னால் நிற்கவில்லை.

கர்ர்ர்ர்...

அவனைத் தாண்டிப் போனது. நாகம்மாளைத் தாண்டியது. காலி நாற்காலியின் முன்னால் போய் நின்றது.

8.09.

காகிதம் லேசாக அமுங்கியது. யாரோ மேலே விரலை வைத்து அழுத்தின மாதிரி. ஒரு தரம். கொஞ்சம் பொறுத்து இன்னொரு தரம். அப்புறம் மறுபடி... மறுபடி.

பிறகு தட்டு திரும்ப நகர்ந்து என் முன்னால் வந்து நின்றது.

கைநாட்டு இருந்தது.

மைப் பெட்டியில் இருந்தது ஊதா மை. கடிதத்தில் இருந்தது கறுப்பு. ஏரிச் சேற்றின் கறுப்பு. 'கால் தவறி விழுந்து' என்று நான் அடித்திருந்த வரியின் மேல் அது அப்பியிருந்தது. சுற்றிலும் காகிதம் நனைந்து ஊறிக்கொண்டிருந்தது.

எழுந்து ஓடலாம் என்று நினைத்தேன்.

கால் ஈரமாக இருந்தது.

மேசைக்குக் கீழே தண்ணீர். கணுக்கால் வரை. ஜில்லென்று இருந்தது. நான் செருப்பைக் கழற்றி வைத்திருந்தேன். விரல் இடுக்கில் சேறு.

குனிந்து பார்க்கத் தைரியம் இல்லை.

சளப்...

நாகம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். அவள் உதடு துடித்தது. அவள் காலடியில் என்ன நடந்ததோ, அது ரொம்ப நேரம் நடந்தது. அவள் காலை இழுத்துக்கொள்ளவில்லை. "யம்மா..." என்றாள், மூச்சுக்குள்.

சளப்.

சின்னப்பன் நிமிர்ந்தான். அழுகை நின்றுபோயிற்று.

சளப்.

கஸ்தூரியம்மாள் என் கையைப் பிடித்தார். நகம் பதிந்தது. அந்தத் தழும்பு இரண்டு வாரம் இருந்தது.

அப்போது எனக்குப் புரிந்துவிட்டது. வரிசையாக வருகிறது. அடுத்தது நான்.

சளப்.

ஒரு கை.

என் பாதத்தின் மேல் படர்ந்தது. உள்ளங்கை ஊறி நொதநொதவென்று இருந்தது. விரல்கள் என் விரல்களை ஒவ்வொன்றாகத் தடவின. இடுக்கில் நுழைந்தன. குதிகாலைச் சுற்றின.

அவசரமில்லை.

சேற்றில் எறா தேடுகிற மாதிரி... தடவித் தடவி.

என்னைக் கொஞ்ச நேரம் விடாமல் பிடித்திருந்தது. கடிதத்தை அடித்தவள் நான்தான் என்று அதற்குத் தெரியும். எப்படி என்று கேட்காதீர்கள். தெரியும். அந்தப் பிடியில் அன்பே இல்லை.

பிறகு விட்டது.

சளப்.

மாமா துள்ளினார். தண்ணீர் டம்ளர் கவிழ்ந்தது. "இன்னாது... இன்னாது அது..."

சளப்.

இளவழகன் அசையவில்லை.

கத்தவில்லை. காலை உதறவில்லை. மேசை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மீனையே பார்த்துக்கொண்டிருந்தான். மீனும் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

தடவல் சத்தம் நின்றது.

தேடினது கிடைத்துவிட்டது.

மூக்கு மூச்சும் நின்றது.

8.17.

"நான்தான்," என்றான் இளவழகன்.

"டேய்..." மாமா.

"நான்தாண்ணே ஓட்டினேன். பொழுது சாஞ்சிகினு இருந்துச்சு. குறுக்கால வந்தேன். தலய பாத்தேண்ணே. பாத்தேன். திருப்பலாம்னு நெனைக்கிறதுக்குள்ள..."

"வாய மூட்றா!"

"கைய தூக்கினா. அப்புறம் கைய தூக்கினாண்ணே. உசுரோட இருந்தா. நான் திரும்பிப் பாத்துகினே..." அவன் குரல் குழந்தைக் குரல் மாதிரி ஆகிவிட்டது. "பாத்துகினே பூட்டேன்."

நாகம்மாள் கண்ணைத் திறந்தாள்.

மேசையின் கீழே ஏதோ ஒன்று வெடுக்கென்று திருகியது. நண்டின் கொடுக்கை ஒடிக்கிற சத்தம் எங்கள் எல்லோருக்கும் தெரியும். அந்தச் சத்தம்.

இளவழகன் அலறினான்.

தாவா ஓடி வந்தார். நாற்காலிகள் சாய்ந்தன. நான் கடிதத்தை நோட்டுக்குள் திணித்துக்கொண்டு ஓடினேன். ஏன் எடுத்தேன் என்று எனக்கே தெரியாது. வாசலில் வந்து திரும்பிப் பார்த்தேன்.

தரை காய்ந்திருந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

என் பாதத்தில் மட்டும் சேறு.

இளவழகனை மாமாவும் தாவாவும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வலது கால் கணுக்காலில் முன்பின்னாகத் தொங்கியது. அவன் ஷூ போட்டிருந்தான், கயிறு கட்டின ஷூ. கார் விளக்கில் மாமா அதைக் கழற்றினார். உள்ளே நிறையச் சேறு. சேற்றில் இரண்டு எறா. இரண்டும் துள்ளிக்கொண்டிருந்தன.

8.31க்குக் கார் கிளம்பியது. நான் அதில் ஏறவில்லை. நாகம்மாளோடும் சின்னப்பனோடும் காட்டூர் வரை நடந்தேன். ஆட்டோ ஏறும்போது நாகம்மாள் என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"அந்த லெட்டர நீதான் அடிச்சியா?"

"ஆமாம்."

அவள் தலையை ஆட்டிவிட்டு ஏறிக்கொண்டாள். இன்றுவரை என்னை மன்னித்ததாக அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை அவர்கள் போலீஸுக்குப் போனார்கள். நானும் கூடப் போய் என் நோட்டையும் கடிதத்தையும் கொடுத்தேன். நோட்டை நகல் எடுத்துக்கொண்டு திருப்பித் தந்தார்கள். இளவழகன் கட்டுப் போட்ட காலோடு தானாகவே வந்து எழுதிக் கொடுத்தான். வழக்கு நடக்கிறது. ஓடை திறந்துவிட்டது. யாரும் போய்த் திறக்கவில்லை, எங்கள் ஊர்க்காரர்கள் அந்தப் பக்கம் போட்டு ஓட்டுவதில்லை, அவ்வளவுதான். மாமா அதற்கப்புறம் சங்கத்துக்கு வரவேயில்லை. எங்கள் வீட்டுக்காரர்களிடம் ஊரில் பாதிப் பேர் பேசுவதில்லை. என் நைனா என்னிடம் பேசி எட்டு மாதம் ஆகிறது.

இதோடு முடிந்திருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன்.

ஜூலை மாதம். செவ்வாய்க்கிழமை, காலை 11.20. ஸ்டேஷனிலிருந்து எஸ்.ஐ. போன் செய்தார்.

"அந்தக் கைநாட்டு யாருதுன்னு உங்களுக்குத் தெரியுமாம்மா?"

நோட்டில் என்ன எழுதியிருந்தேனோ அதையே சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"ரேகை பாக்கறவங்ககிட்டேர்ந்து வந்திருக்கு. ரெண்டு மூணு நாள் தண்ணியில ஊறின தோலாம். உயிரோட இருக்கிற ஆளு விரல் இப்படிப் பதியாதாம்."

"வெண்ணிலாவோடதா சார்?"

"போஸ்ட்மார்ட்டத்தப்ப எடுத்த ரேகையோட ஒத்துப்போகுது." காகிதம் புரட்டும் சத்தம் கேட்டது. "ஒண்ணு ஒத்துப்போகுது."

"ஒண்ணா?"

"ஒண்ணு மேல ஒண்ணா நாலு ரேகை இருக்காம் அதுல. நாலும் ஊறின தோலு. நாலும் பொம்பளைங்க விரலா இருக்கும்கிறாங்க. மத்த மூணு யாருன்னு தெரியல. உங்க சங்கத்துல பழைய பேப்பர் எதாவது இருக்கா?"

போனை வைத்துவிட்டு நான் இரும்பு பீரோவைத் திறந்தேன். அடித்தட்டு. நான் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து யாரும் தொடாத கட்டுகள். ஒன்றரை மணி நேரம் தேடினேன்.

கிடைத்தது.

மூன்று கடிதங்கள். 2006. 2013. 2019. மூன்று பெண்கள். மூவரும் கையால் எறா பிடிக்கிறவர்கள். முதல் இரண்டும் பழைய தட்டச்சு எழுத்து, கடைசியது கம்ப்யூட்டர் எழுத்து. எனக்கு முன்னால் யார் யாரோ அடித்தது.

மூன்றிலும் அதே வரி. 'ஓடையில் உள்ள பள்ளத்தில் கால் தவறி விழுந்து.'

வெயில் கொளுத்தும் ஜூலை மாதம். பூட்டிக் கிடந்த பீரோ. மற்ற காகிதங்களெல்லாம் அப்பளம் மாதிரி காய்ந்து மொறுமொறுத்துக் கிடந்தன.

அந்த மூன்று மட்டும் நனைந்திருந்தன.